எதுகை இல்லாத வாழ்த்துமடல்

ஒரு கவிதையைப் படித்தால் அதன் ஓரத்தில் நாளையும் இடத்தையும் குறித்துவைப்பது என் வழக்கம். இந்தக் கவிதைக்கு மட்டும் இரண்டு குறிப்புகள் உண்டு: வெள்ளி, புக்கிட் ரம்பாய்; ஞாயிறு, பாச்சாங்.

என் தங்கைக்கு இரண்டு பெண்கள். இளையவள் நவீன கவிதை என்றால் விடமாட்டாள். பிடித்ததையெல்லாம் பெம்பானில் இருக்கும் எனக்குக் கைப்பேசியில் அனுப்புவாள். புரியவில்லை என்று பதில் போட்டால், "அவசரப்படாதீங்க மாமா, சத்தமா படிங்க" என்பாள். அப்படிப் படித்துத்தான், வரி முடியும் இடத்தில் ஒரு கணம் நிற்கும் சுகம் எனக்குப் பிடிபட்டது.

அக்காவின் திருமணத்துக்கு அவளே வாழ்த்துமடல் எழுதினாள். மண்டபங்களில் வாசிக்கப்படும் மடல்களை நாம் அறிவோம்: மயில் ஓரம் போட்ட சட்டம், எதுகை மோனை, முடிவில் 'வாழ்க வாழ்க'. இவள் எழுதியதில் பாதி, அம்மா அனுப்பிய குறுஞ்செய்திகள்.

வெள்ளிக்கிழமை மாலை, புக்கிட் ரம்பாய் வீட்டுக்குச் சட்டம் போட்டு வந்த மடலைப் பார்த்ததும் தங்கை பதறினாள். "என்னண்ணே இது? பூவுக்குச் சொல்லியாச்சா, லோரி எப்ப வரும்னு நான் கேட்டதையெல்லாம் எழுதி வெச்சிருக்கா! மண்டபத்துல சிரிப்பாங்க லா."

"சிரிக்கட்டும்மா. அது சிரிக்கிற இடந்தான்" என்றாள் மகள்.

அவளுடைய கவலை வேறு. வரிகளையெல்லாம் சேர்த்து ஒரே பத்தியாக அச்சடித்திருந்தார்கள். அச்சகத்துக்குப் போன் போட்டோம். "வரியெல்லாம் கட்டை கட்டையா நின்னுச்சு தங்கச்சி, நான்தான் அழகா நெரப்பிக் குடுத்தேன்" என்றார் அச்சகக்காரர், பெருமையாக. திரும்ப அச்சடிக்க நேரமில்லை.

அக்காவிடம் நேரில் சொல்ல வராத ஒன்றை அந்த வரிகளுக்கு இடையில்தான் வைத்திருந்தாள். பத்தியாக வாசித்தால் அது கல்யாண வேலைப் பட்டியலாகத்தான் காதில் விழும்.

"வரி முடியிற இடத்துல பேனாவால கோடு போட்டுத் தரவா?" என்றேன்.

"வேணாம் மாமா. மூச்சு இருக்குல்ல."

ஞாயிறன்று பாச்சாங் மண்டப மேடையில் வாசித்தாள். குறுஞ்செய்திகள் வந்தபோது மண்டபமே சிரித்தது. என் தங்கையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு மடலில், சகோதரிகள் இருவரும் படுத்துறங்கிய அறை வந்தது. சிரிப்பு தானாக அடங்கியது. அச்சில் காணாமல்போன ஒவ்வொரு இடைவெளியையும் அவள் குரல் திருப்பிக் கொண்டுவந்தது.

"இரண்டு பிரஷ் நின்ற குவளையில்
இனி ஒன்று"

நிறுத்தினாள். சாப்பாட்டுக்கூடத்தில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. அடுத்த வரி தெரிந்த நானும் அதற்காகக் காத்திருந்தேன்.

"எந்தப் பக்கமும் சாயும்."

யாரும் கை தட்டவில்லை. 'வாழ்க' வராததால் முடிந்ததென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அறிவிப்பாளர் தயங்கியபடி, "முடிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டார்.

மணப்பெண் மாலையோடு எழுந்து வந்து ஒலிவாங்கியை வாங்கினாள். கண்மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது.

"முடிஞ்சிருச்சு அங்கிள்" என்றவள், தன் தங்கையின் பக்கம் திரும்பினாள். "நான் பிரஷ்ஷ எடுத்துட்டுப் போகலடி. அங்கயேதான் இருக்கு."