பார்த்தது, கேட்டது, நினைத்தது

என் மேஜையில் தாள்கள் பறக்காமலிருக்க ஒரு குதிரை லாடம் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் தேய்ந்து தகடாகிவிட்டது. மறுபக்கத்தில் ஓர் ஆணி வளைந்தபடி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்ததும், வாசல் நிலையில் அடித்து வைத்தால் அதிர்ஷ்டம் என்று தவறாமல் ஆலோசனை சொல்கிறார்கள். அதிர்ஷ்டம் தேவைப்படுகிற ஆள் என்பது என் முகத்திலேயே தெரியும்போலிருக்கிறது. சிரித்து, காபி கொடுத்து அனுப்பிவிடுவேன். அது அதிர்ஷ்டத்தோடு இந்த வீட்டுக்கு வந்த பொருள் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில், என் மனைவியின் கைப்பைக்குள், கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் நான் ரைட்டர். அதாவது வந்த ஆளையும் போன மூட்டையையும் எழுதி வைக்கிற குமாஸ்தா. கை எழுதிப் பழகிவிட்டதே என்று பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகளும் அனுப்பிக்கொண்டிருந்தேன். பெரும்பாலானவை என்னைவிட வேகமாக வீடு திரும்பின. என் மனைவி ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு டீச்சர். அந்தப் பள்ளியின் நூலகம் என்பது ஒரு மர பீரோ. ஊரைவிட்டுப் போன யாரோ ஒரு துரை கொடுத்த புத்தகங்கள் அதில் கரையானுக்குக் காத்திருந்தன. அவற்றுக்கு நடுவேதான் குதிரை ஒன்றின் வாழ்க்கையைச் சொல்லும் அந்தப் பழைய ஆங்கில நாவலை அவள் கண்டெடுத்தாள். ஒரே பிரதி. ஒரு பக்கம் ஆங்கிலத்தில் வாசிப்பாள், பிறகு அதையே தமிழில் கதையாகச் சொல்வாள். கதையில் குதிரை அடிபடுகிற இடம் வந்ததும் வகுப்பு மொத்தமும் அழுதுவிட்டது. மூக்கைச் சிந்துகிற சத்தம் ஓயும்வரை காத்திருந்துவிட்டு, "அழுது முடிச்சாச்சா? இனிக் கண்டுபிடிக்கலாம்" என்றாளாம்.

ஆளுக்கொரு கேள்வி கொடுத்தாள். குதிரை என்ன தின்னும், எப்படித் தூங்கும், கண்ணுக்குப் பக்கத்தில் தோல்பட்டை எதற்கு, லாடம் அடித்தால் வலிக்காதா. புத்தகத்தில் தேடலாம், ஆட்களைக் கேட்கலாம், போய்ப் பார்க்கலாம். பார்ப்பதற்கு ஏரிக்கரையில் ராஜா இருந்தது. சுற்றுலா வருகிறவர்களின் குழந்தைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வரும் செம்பழுப்புக் குதிரை. அதன் சொந்தக்காரர் சேலத்திலிருந்து மேலே வந்தவர். கேள்வி கேட்க வந்த கூட்டத்தைப் பார்த்து முதல் நாள் மிரண்டுபோனார். ஒரு வாரத்தில், பிள்ளைகள் வரத் தாமதமானால் குதிரையைப் பிடித்துக்கொண்டு பள்ளி இருக்கிற திசையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எழுதுவதற்கு அவள் ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் பென்சிலால் ஓர் எழுத்துப் போட வேண்டும். கண்ணால் பார்த்ததற்கு 'பா'. ஒருவர் சொல்லியோ புத்தகத்தில் படித்தோ தெரிந்ததற்கு 'கே', அதோடு சொன்னது யார் என்பதும். தானாக நினைத்ததற்கு 'நி'. குறி நேர்மையாக இருந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவாள், அதுதான் மார்க். முதலில் பிள்ளைகள் 'நி' என்பதைத் தண்டனை என்று நினைத்து ஒளித்தார்கள். அவள் சொன்னாள்: "நினைக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா சாமி? நினைச்சத பார்த்தேன்னு சொல்லக் கூடாது. அவ்வளவுதான்." கரடியூரிலிருந்து வந்த ஒரு பையன், குதிரை நின்றுகொண்டே தூங்குமா என்று பார்க்க ஒரு மத்தியானம் முழுக்க ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டு இப்படி எழுதினான்: 'குதிரை தூங்கவில்லை. நான் தூங்கிவிட்டேன். பா.' நீ தூங்கியதை நீயே எப்படிப் பார்த்தாய் என்று கேட்டு, பக்கத்தில் இருந்தவனிடம் சாட்சி வாங்கி அதை 'கே' ஆக்கச் சொன்னாள். அன்றிரவு சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்த சூட்டோடு, எஸ்டேட்டுக்குள் காட்டெருமையோடு நான் நேருக்கு நேர் நின்றதைப் பற்றிய என் கட்டுரையை எடுத்து, மேலிருந்து கீழ்வரை 'நி' போட்டு வைத்தாள். 'டீ ஆறிப்போயிருந்தது' என்ற ஒரு வரிக்கு மட்டும் 'பா' கிடைத்தது. வட்டத்தோடு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சுற்றுலாக் கூட்டம் வற்றியது. ஏரிக்கரையில் ராஜாவைக் காணோம். குதிரைக்காரர் மட்டும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். கேட்கப் போன பிள்ளைகளிடம், கீழே மச்சான் ஊட்டில் கட்டி வைத்திருப்பதாகவும், வெயில் காய்ந்துகொண்டு கொள்ளு தின்று நொம்ப நல்லாயிருப்பதாகவும் சொன்னார். எல்லோரும் சந்தோஷமாக எழுதி வந்தார்கள். எல்லாம் ஒழுங்காக 'கே'. அந்த நாவலும் நல்லபடியாகவே முடிவதால் கட்டுரைகளுக்கும் கதைக்கும் பொருத்தம் அமைந்துவிட்டது. செம்மநத்தத்திலிருந்து நடந்து வரும் ஒரு சிறுமி மட்டும் நோட்டைக் கொடுக்காமல் நின்றாள். "டீச்சர், அதச் சொல்றப்ப அவரு எங்க யாரையும் பார்க்கலைங்க" என்றாள். பிறகு தயங்கி, "இதுக்கு 'பா' போடறதுங்களா, 'கே' போடறதுங்களா?" என்று கேட்டாள்.

அந்த ஞாயிறு, துணைக்கு வாங்க என்று என்னையும் இழுத்துக்கொண்டு என் மனைவி குதிரைக்காரரின் குடிசைக்குப் போனாள். வாசலில் சேணம் கவிழ்ந்து கிடந்தது. அவர் பொய் சொல்லச் சிரமப்படவில்லை. உண்மையைச் சொல்லத்தான் சிரமப்பட்டார். பாசி பிடித்த சரிவில் வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது. கீழிருந்து மாட்டு டாக்டர் வந்தார், இனித் தேறாது என்று ஊசி போட்டு முடித்துவிட்டார். சில்வர் ஓக் மரங்களுக்கு அந்தப் பக்கம் நாலு பேராகச் சேர்ந்து புதைத்தார்கள். சொல்லிவிட்டு உள்ளே போய் அந்த லாடத்தை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார். "ஏனுங்க டீச்சர், புள்ளைங்ககிட்டச் சொல்லிராதீங்க. தினமும் கேரட்டு கொண்டாந்து குடுத்த கைங்க. நானே அதுக்குத்தான் பொய் சொன்னேனுங்க."

வீடு வரும்வரை நான் அவர் கட்சியில்தான் பேசினேன். ஆறாம் வகுப்புக் கட்டுரைதானே, மச்சான் வீட்டிலேயே குதிரை இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன். இரண்டு மாதமாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றை இரண்டே நிமிஷத்தில் பொய்யாக்கச் சொல்கிறீர்களே என்றாள். மறுநாள் வகுப்பில் லாடத்தை மேஜைமேல் வைத்தாள். இதை நான் பார்த்தேன் என்றாள். நடந்ததைச் சொல்லி, இதைக் குதிரைக்காரர் சொல்லக் கேட்டேன் என்றாள். பொய் சொன்னது உங்கள்மேல் இருந்த பிரியத்தால் என்று நினைக்கிறேன் என்றாள். கடைசியில் ராஜாவுக்கு வலித்ததா டீச்சர் என்று யாரோ கேட்டபோது, தெரியவில்லை என்றாள். அன்று செம்மநத்தத்துச் சிறுமி எழுதிய கட்டுரை இரண்டே வரி: 'ராஜா இறந்துவிட்டது, டீச்சர் சொன்னார்கள், கே. டீச்சர் அழுதார்கள், பா.' வட்டம் போடும்போது என் மனைவியின் கை நடுங்கியதாக எழுதத் தோன்றுகிறது. நான் அங்கே இல்லை. சின்னப் பிள்ளைகளிடம் சாவைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று மஞ்சக்குட்டையிலிருந்து ஒரு தகப்பனார் ஜீப் பிடித்து வந்து தலைமையாசிரியையிடம் சத்தம் போட்டார். நாவல் அவசரமாக பீரோவுக்குத் திரும்பியது. சட்டம் மட்டும் தங்கிவிட்டது. அடுத்தடுத்த வருஷத்துப் பிள்ளைகள் ஏரியைப் பற்றியும் காபிச் செடியைப் பற்றியும் அதே மூன்று எழுத்துகளோடு எழுதினார்கள்.

பத்து வருஷம் போல ஆகியிருக்கும். சேலத்து ஆஸ்பத்திரியில், அந்தக் காலத்து வழக்கப்படி என் மனைவியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம் என்று முடித்தார். அந்தக் குதிரைக்காரரைப்போல நானும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. மலையேறும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். அடிவாரம் வருவதற்குள் விதவிதமான பொய்களைத் தயார் செய்துவிட்டேன், தொழில் அதுதானே. கொண்டையூசி வளைவுகள் ஆரம்பித்ததும் மூடுபனி ஏறிக் கண்ணாடி வெளுத்தது.

"டாக்டர் என்னங்க சொன்னாரு?" என்றாள், வெளியே பார்த்தபடி.

தயார் செய்த எதுவும் வாயில் வரவில்லை. அவர் சொன்னதை, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன். "சரி. அது அவரு சொன்னது. நீங்க என்ன நினைக்கறீங்க?" என்றாள்.

"எல்லாம் சரியாயிரும்" என்றேன்.

அவள் விரலை நீட்டி, பனி படிந்த கண்ணாடியில் 'நி' என்று எழுதினாள். அழிப்பாள் என்று நினைத்தேன். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். மேலே போய்ச் சேர்வதற்குள் அது தண்ணீராகிக் கோடு கோடாக இறங்கிவிட்டது. என் தோளில் சாய்ந்து அவள் தூங்கிப்போயிருந்தாள்.

அடுத்த மழைக்காலத்தை அவள் பார்க்கவில்லை. விஷயம் தெரிந்து வந்தவர்கள் எல்லோரும், அவள் சுகமாகப் போய்விட்டாள் என்றும், முகத்தில் சிரிப்பு இருந்தது என்றும் எனக்கே எடுத்துச் சொன்னார்கள். செம்மநத்தத்துப் பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அவள் மட்டும் எதுவும் சொல்லவில்லை, கேட்டாள். "கடைசியில டீச்சருக்கு வலி இருந்துதுங்களா?" என்னைத் தவிர எல்லோரும் பதறினார்கள். "தெரியலை கண்ணு" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அன்று முழுக்க என்னோடு பேசியவர்களில் அவள் ஒருத்தியிடம்தான் என்னால் அழ முடிந்தது.

இப்போது எஸ்டேட் வேலையும் இல்லை. என்னைத் தேடி மேலே வருகிறவர்களும் அதிகமில்லை. கட்டுரைகள் அவ்வளவாகத் திரும்பி வருவதில்லை. காட்டெருமைகளைக் குறைத்துக்கொண்டதுதான் காரணமாக இருக்க வேண்டும். எழுதி முடித்த இந்தத் தாள்களை லாடத்துக்கு அடியிலிருந்து உருவி, வழக்கம்போல ஓரத்தில் பென்சிலால் குறி போட்டுக்கொண்டு வந்தேன். வகுப்பறையில் நடந்ததெல்லாம் 'கே', அவள் சொன்னது. குடிசை, பஸ், கண்ணாடி எல்லாம் 'பா'. கடைசித் தாளில், இதைப் படித்தால் அவள் சிரிப்பாள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு 'நி' போட்டுவிட்டு வட்டத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். தாள்களின்மேல் லாடத்தைத் திரும்ப வைத்தாயிற்று. வெளியே மழை.