புளித் தண்ணீரில் குளித்த ரயில்

கள்ளக்குறிச்சிக்கு அப்போது ரயில் கிடையாது. ரயிலேற வேண்டுமென்றால் சின்னசேலம் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், வாடகை வீட்டின் முன்னறையில் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் தண்டவாளம் போட்டு வைத்திருந்த ஒரே ஆள் நான். தெருவில் எனக்கு ரயில்காரர் என்று பெயர். பார்த்த வேலை என்னவோ சர்வே. வாரம் முழுக்கக் கல்வராயன் மலையில் சங்கிலி இழுத்து நிலம் அளந்துவிட்டு, சனிக்கிழமை மாலை பஸ்ஸில் இறங்கி வருவேன். பூட்டைத் திறந்தால் அடைந்து கிடந்த காற்று முகத்தில் அடிக்கும். ஆள் இல்லாத வீட்டுக்கென்று ஒரு வாசனை உண்டு. அது எனக்குப் பழகவே இல்லை.

என் மனைவி, மகளோடு திருக்கோவிலூரில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். மலை வேலையும் என் முன்கோபமும் சேர்ந்து அவளை அனுப்பி வைத்தன. பள்ளிக்கூட லீவில் மட்டும் மைத்துனர் என் மகளைக் கொண்டுவந்து விட்டுப் போவார். லீவுக்கு லீவு பார்க்கிற எட்டு வயதுப் பெண்ணிடம் என்ன பேசுவது? "சாப்டியா?" "சாப்டேன்." அத்தோடு சரக்கு தீர்ந்துவிடும். அதற்காகத்தான் அந்த ரயிலை வாங்கினேன்.

பாண்டிச்சேரியில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துத் தகர ரயில். பச்சை இன்ஜின், இரண்டு பெட்டிகள். இன்ஜின் விலாவில் சாவி போட்டு முறுக்கினால் ஓடும். பெட்டிகளின் ஜன்னல்களில் தொப்பி போட்ட பெண்களும் மீசைக்காரர்களும் வண்ணத்தில் அச்சாகியிருந்தார்கள். கோடை லீவு முழுக்க என் மகள் அந்த ஜன்னல் பெண்களைத் திருக்கோவிலூரில் இறக்கிவிடுவதும் ஏற்றிக்கொள்வதுமாக இருந்தாள். எங்கள் வீட்டில் அவ்வளவு பேச்சு அதற்குமுன் கேட்டதில்லை.

லீவு முடியும் தறுவாயில், அவள் சாவி முறுக்கிக்கொண்டிருந்தபோது உள்ளே டக்கென்று ஸ்பிரிங் அறுந்தது. "பழைய ஸ்பிரிங்மா, அதுவா போச்சு" என்றேன். தலையாட்டினாள். ஆனால் சாவியை எடுத்து அலமாரியில் வைத்தவள் ஊருக்குப் போகும்வரை ரயில் பக்கமே வரவில்லை. அப்புறம் ஒருநாள் மைத்துனர் வந்தபோது சொன்னார்: "மாமா, ரயில ஒடைச்சிட்டேன்னு பயந்துக்கினு கெடக்குது பாப்பா. லீவுக்கு இங்க வரமாட்டேங்குது."

எனக்கு இருந்ததே அந்த ஒரு பாலம். அது ஓடினால் மகள் வருவாள், ஓடாவிட்டால் வரமாட்டாள் என்று மனதில் பதிந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடிகாரக் கடைக்காரரிடம் இன்ஜினைக் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ரயிலே வராத ஊர்ல ரயிலுக்கு பார்ட்ஸ் கேட்டுக்கினு வர்றீங்க" என்றார். கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் அவர் கொடுத்த அலாரம் டைம்பீஸ் ஸ்பிரிங்கை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அதற்குத் தெம்பு போதவில்லை. இன்ஜின் பாதி அறை போய், பந்தியில் இடம் கிடைக்காதவனைப் போல முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது. அடுத்து கிராமபோன் ஸ்பிரிங். அது அகலம் ஜாஸ்தி. அரத்தால் தேய்க்கப் போய் என் கை கிழிந்ததுதான் மிச்சம்.

கடைசியில் சேலத்தில் பழைய இரும்புக் கடையில் ஒரு செத்துப்போன சுவர்க் கடிகாரம் அகப்பட்டது. அதில் மணியடிக்கிற பக்கத்து ஸ்பிரிங் சரியான அகலம். ஆனால் அதன் நுனியில் கொக்கி மாட்ட ஓட்டை போட வேண்டும். அந்த எஃகு உளிக்கு மசியாது. நுனியை மட்டும் கரி அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்துத் தானாக ஆறவிட வேண்டும், அப்போதுதான் இளகும். சூடு மேலே ஏறிவிட்டால் ஸ்பிரிங்கே பாழ். ஈரத் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு செய்தேன். பெட்டிகளை இணைக்கும் கொக்கி ஒன்று முறிந்திருந்தது, அதற்குச் சைக்கிள் கம்பியை வளைத்துப் போட்டேன். ஒரு பெட்டியில் தேய்ந்துபோன சக்கரத்துக்குப் பதிலாகத் தையல் மெஷின் பாபினை மாட்டினேன். அந்தப் பெட்டி கொஞ்சம் நொண்டும், ஆனால் தடம் புரளாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடியது. முழு வட்டம், பிறகு இன்னொரு வட்டம். கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டேன். பின்கட்டில் குடியிருந்த, வீட்டின் மாற்றுச் சாவி வைத்திருந்த வீட்டுக்காரம்மாகூட ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். சந்தோஷத்தைச் சொல்ல ஆளில்லை. மைத்துனருக்கு, காலாண்டு லீவுக்குப் பாப்பாவை எப்படியாவது அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லியனுப்பினேன். ரயில் ஓடுவதைச் சொல்லவில்லை. அவளே சாவியைப் போட்டு, அவளே பார்க்கட்டும் என்றிருந்தேன்.

அந்த லீவையொட்டித்தான் மலையில் மாட்டிக்கொண்டேன். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். கீழே புளிய மரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருக்கிறார்கள், பஸ் எதுவும் வராது என்றார்கள். போராட்டத்தால் யாருக்கு என்ன கிடைத்தது என்று பேச இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் இல்லை என்பதுதான். நாளைக்கு விட்டுவிடுவான் என்று ஒவ்வொரு நாளும் சொன்னார்கள். நானும் நம்பி உட்கார்ந்திருந்தேன். பொறுமை போனதும் அதிகாரியிடம் சண்டை போட்டுக்கொண்டு நடந்தே இறங்கினேன். மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் படுத்து எழுந்து, சாய்ந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி ஊர் வந்து சேர்ந்தேன்.

வீட்டுக்காரம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பாப்பா வந்துச்சு சார். மறியலுக்கு மொத நாளே வந்துடுச்சு. ஒங்களப் பாத்துக்கினே இருந்துச்சு. நேத்துதான் அவங்க மாமா குறுக்கு வழியா சைக்கிள்ல வந்து இட்டுக்கினு போனாரு."

தோள் பையைத் திண்ணையில் இறக்கினேன். அவரே சொல்லிக்கொண்டு போனார். "ஆயுத பூஜக்கி அருவாமண, கடப்பார எல்லாம் தேச்சுக்கினு இருந்தேன். பாப்பா ரயில தூக்கினு வந்து, இதுக்கும் பூஜ போட்டா ஒடைஞ்சது சரியாவுமான்னு கேட்டுச்சு. ஆவும் கண்ணுன்னேன். புளியும் சாம்பலும் போட்டு அதுவே தேச்சுச்சு. ரயில் சாவியக் குடுத்தேன், வேணாம்னு கைய பின்னால கட்டிக்கிச்சு."

முன்னறையில் சாமி படத்துக்குக் கீழே ரயில் இருந்தது. பச்சை நிறம் எங்கும் இல்லை. ஜன்னல் பெண்களும் மீசைக்காரர்களும் இல்லை. வெறும் தகரம் பளபளவென்று மின்னியது. இன்ஜின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும், வாடிய பூச்சரமும். சாவியைப் போட்டுத் திருகினேன். புளித் தண்ணீர் உள்ளே இறங்கித் துரு பிடித்திருந்தது. நறநறவென்று அரைத்து, பிறகு டக்கென்றது.

கத்த வாயைத் திறந்தேன். யாரைப் பார்த்துக் கத்துவது? ஓடிக்கொண்டிருந்த ரயிலை, ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு என் பெண்ணே கெடுத்து வைத்திருந்தாள். ஒருமுறை சாவியைத் தொட்டிருந்தால் போதும். தரையில் உட்கார்ந்து அழுதேன்.

திருக்கோவிலூருக்கு முதல் பஸ் விட்ட அன்றே போனேன். மகள்தான் கேட்டருகே வந்தாள். உள்ளே வா என்று சொல்கிற வயதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ரயில் ஓடுச்சாப்பா?"

"ஓடுச்சும்மா. நீ பொட்டு வெச்சதும் ஓடிடுச்சு."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நெசமா?"

"நெசமா. ரெண்டு சுத்து ஓடுச்சு."

திரும்பி உள்ளே ஓடினாள். "அம்மா, நான் ஒடைக்கலியாம். ஓடுதாம்" என்று அவள் சொல்வது வெளியே எனக்குக் கேட்டது. அப்படி ஒரு குரலை நான் அவளிடம் கேட்டதில்லை. பதிலுக்கு அவள் அம்மா என்னவோ சொன்னாள், அது காதில் விழவில்லை. யாராவது கூப்பிடுவார்கள் என்று கொஞ்ச நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.