துளசிங்கத்துக்குச் சாட்சி

கோட்டைக்குப்பத்தில் எப்சிபா என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. ஜெபக்காரம்மா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்து வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். ஐம்பத்து நான்கு வயது. காலையில் பழவேற்காடு மார்க்கெட்டில் நண்டு விற்பாள். மத்தியானம் குளித்து வெள்ளைப் புடவைக்கு மாறிவிட்டால் அவளே வேறு ஆள். யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் மாமியார் மருமகள் சண்டை என்று கேள்விப்பட்டாலும் எண்ணெய்ப் புட்டியோடும் வேதாகமத்தோடும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். பாஸ்டர் பொன்னேரியிலிருந்து ஞாயிறு மட்டும்தான் வருகிறவர். மற்ற ஆறு நாளும் பரலோகத்தின் சாவி தன் முந்தானையில்தான் முடிந்திருக்கிறது என்று அந்த அம்மாளுக்கு ஒரு நினைப்பு. ஊர் இதைச் சொல்லிச் சிரிக்கும், சாவு விழுந்தால் அவளைத்தான் கூப்பிடும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் வீட்டிலேயே சாவு விழுந்தது. ஒரே மகன் பிராங்க்ளின், பொன்னேரி ரோட்டில் பைக்கோடு விழுந்து போய்ச் சேர்ந்தான். குடித்திருந்தான். ஞானஸ்நானம் எடுடா என்று அவள் கெஞ்சும்போதெல்லாம் "அப்பறம் பாக்கலாம்மா" என்று நழுவிக்கொண்டே இருந்த பிள்ளை. பின்னால் வந்த துளசிங்கம்தான் அவனை மடியில் போட்டுக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தான். துளசிங்கம் இருளர் குடியிருப்பில் இருந்தவன். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவன், பிராங்க்ளினோடு சேர்ந்து குடிக்கிறவனும்கூட. அவன்தான் எப்சிபாவிடம் வந்து சொன்னான்.

"தம்பி கடைசியா 'யேசப்பா, என்ன மன்னிச்சிடு'ன்னு சொல்ச்சும்மா. என் காதால கேட்டேன்."

அந்த ஒரு வார்த்தையை எப்சிபா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அடக்க ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னாள். சிலுவையில் தொங்கின கள்ளனையே கடைசி நிமிடத்தில் சேர்த்துக்கொண்ட அன்பான தேவன் என் பிள்ளையைத் தள்ளிவிடுவாரா என்று கேட்டாள். சபையே அழுதது. விழுந்த நொடியே உயிர் போயிருக்கும் என்று ஆம்புலன்ஸில் வந்தவர் சொன்னதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கேகூட அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த ஐப்பசியில் துளசிங்கம் செத்தான். காலையில் தனியாக நண்டு பிடிக்கப் போனவன் மத்தியானம் கரை ஒதுங்கினான். அவனும் குடித்திருந்தான். அவன் மனைவி இருசம்மாள் இரண்டு மாதமாக ஜெபக்கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தாள், ஞானஸ்நானம் எடுக்கிற யோசனையும் இருந்தது. காரியம் முடிந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். ஜெபம் முடிகிற நேரத்தில் கேட்டாள்.

"யம்மா, எங்கூட்டுக்காரரு இப்ப எங்க கீறாரு?"

பதினாறு பெண்கள் எப்சிபாவின் வாயைப் பார்த்தார்கள். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். முந்தானையில் சாவி இருக்கிறவளுக்கு அந்த வார்த்தை வருமா?

"கர்த்தர ஏத்துக்காம, ஞானஸ்நானம் எடுக்காம, குடிச்சிட்டு செத்தா அந்த ஆத்துமா எங்க போவும்னு வேதத்துல தெளிவா கீது இருசம்மா. நரகந்தான். நாம இன்னா பண்றது? நீயாவது தப்பிச்சிக்கோ."

பேச்சு நன்றாக வந்துவிட்டது என்றுகூட அவளுக்குத் தோன்றியது. இருசம்மாள் அழவில்லை. பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கிறவளைப் போல மறுபடியும் கேட்டாள்.

"பிராங்க்ளின் தம்பி போம்போது எங்கூட்டுக்காரரு பக்கத்துல இருந்தாரு. அதான் வந்து சாட்சி சொன்னாரு. இவரு தண்ணியில தனியா போயிட்டாரே. கடைசியா இன்னா சொன்னாருன்னு யாருமா வந்து சொல்லுவா?"

குத்திக்காட்டவில்லை. அவளுக்கு அது நிஜமான சந்தேகம். எப்சிபாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. அவசரமாக ஒரு பாட்டை எடுத்துக் கொடுத்தாள். பெண்கள் கைதட்டிப் பாடினார்கள், அவளுக்குத்தான் இரண்டாவது அடி மறந்துபோயிற்று.

அன்றிலிருந்து மார்க்கெட்டில் யாராவது "ஜெபக்காரம்மா" என்று கூப்பிட்டால் உடம்பு கூசியது. இரண்டு பேரும் குடித்தவர்கள், இரண்டு பேரும் ஞானஸ்நானம் எடுக்காதவர்கள். தன் பிள்ளை என்றதும் தேவனின் அன்பு, இன்னொருத்தி புருஷன் என்றதும் தேவனின் சட்டம். இதைவிடக் கேவலம் உண்டா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஞாயிறு பாஸ்டர் சாட்சி நேரம் என்று சொன்னதும் எப்போதும் முதலில் எழுந்திருக்கிறவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஏரிக்கரைக்குப் போனாள். இருளர் பெண்கள் மார்பளவு தண்ணீரில் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையும் சேற்றில் இருக்கும் என்பதால் இறால் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். வேலை நேரத்தில் பேச்சே இருக்காது. எப்சிபா புடவையோடு தண்ணீரில் இறங்கி இருசம்மாளுக்கு எதிரே போய் நின்றாள்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு இருசம்மா. உங்கூட்டுக்காரரு எங்க கீறாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். எம்புள்ள ஒரு வார்த்த பேசாமதான் போனான். அதுவும் எனக்குத் தெரியும். நான் தாங்கமாட்டேன்னு உங்கூட்டுக்காரரு பொய் சொன்னாரு. அந்தப் பொய்ய வச்சி எம்புள்ளைய மோட்சத்துல ஏத்திட்டு, சொன்ன மனுசன நரகத்துல தள்ளிட்டேன்."

மற்ற பெண்கள் தடவுவதை நிறுத்தினார்கள். இருசம்மாள் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"தெரியும்மா. அன்னிக்கே வூட்டுக்கு வந்து சொன்னாரு. 'பெத்தவ கேக்கறா, வேற இன்னா சொல்றது'ன்னாரு."

வெள்ளிக்கிழமை அத்தனை பேர் இருந்த கூட்டத்தில் இவள் அதைச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தையில் எப்சிபாவின் மானத்தை வாங்கியிருக்கலாம். சொல்லவில்லை.

"எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு சொல்லும்மா" என்றாள் இருசம்மாள்.

ஊருக்கெல்லாம் மணிக்கணக்கில் ஜெபம் பண்ணுகிறவள் மூன்றே வரியில் சொன்னாள்.

"கூப்ட்டாரு இருசம்மா. பேரு தெரியாம, 'சாமி'ன்னுதான் கூப்ட்டாரு. கர்த்தருக்குக் கேட்டுச்சி."

"போதும்மா" என்று இருசம்மாள் தலையாட்டினாள். பறியைக் கடித்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். நம்பினாளா என்று எப்சிபாவுக்குத் தெரியவில்லை. அன்றைக்குத் துளசிங்கம் சொன்னதைத் தான் நம்பிய அளவுக்கு இவளும் நம்பியிருப்பாள்.