பட்டியலில் இருந்த குரல்

எங்கள் மருத்துவமனையில் அவருக்கு அட்டெண்டன்ஸ் அண்ணன் என்று பெயர். ஆட்களுக்கு அல்ல, ஃபைல்களுக்கு வருகை எடுப்பவர். காலை எட்டே காலுக்கு முதல் மாடிக் கணினி அறையில் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுவார். எல்லா ஃபைல்களையும் முந்தைய நாள் நகலெடுத்துக் கட்டிவைத்த பேக்கப் மூட்டைக்குள் என்னென்ன இருக்கிறது என்று அந்தக் கட்டளை பட்டியல் போடும். மூட்டையை அவிழ்க்காது, உள்ளே இருப்பவற்றின் பெயரை மட்டும் சொல்லும். பெயர்கள் கிடுகிடுவென்று ஓட, அண்ணன் உதடு அசைய அவற்றோடு ஓடுவார். கடைசியில் மொத்த எண்ணிக்கை வரும். நேற்றைய எண்ணோடு புதிதாகச் சேர்ந்ததைக் கூட்டிப் பார்ப்பார். சரியாக இருந்தால் நோட்டில் ஒரு டிக். அப்புறம்தான் டீ.

"எல்லாரும் வந்தாச்சா அண்ணே?" என்று கேட்பேன்.

"ஒருத்தர்கூட லீவு இல்லம்மா."

இருபத்திரண்டு வருஷம் இந்தக் கூத்து நடந்தது. அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது, நான் முதல் வரிசை. ஆனால் யாருக்கு எந்தப் பழைய அறிக்கை காணாமல் போனாலும் அவரிடம்தான் ஓடினோம். சின்னச் சின்ன ஃபைல்களாகக் கேட்போம், எடுத்துக் கொடுப்பார். அதனால் அவர் சொன்னால் சொன்னதுதான் என்று எங்களுக்கும் ஊறிப்போயிற்று. அவருக்கும் ஊறிப்போயிற்று, அதுதான் வினை.

அந்தப் பட்டியலில் அவர் ஒரு கைவேலை செய்துவைத்திருந்தார். சாதாரணமாக ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு நீள வரி வரும். முதலில் அது என்ன வகை என்று சொல்லும் ஓர் எழுத்து, பிறகு அளவு, தேதி, பெயர், இன்னும் என்னென்னவோ. அந்தச் சளசளப்பு அவருக்குப் பிடிக்காது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷமே, பெயரும் மொத்த எண்ணும் மட்டும் தெரிகிற மாதிரி மற்றதை எல்லாம் வெட்டிவிட்டார். "பாத்தியா, துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு" என்று என்னிடமே பலமுறை காட்டியிருக்கிறார். எனக்கு என்ன தெரியும், தலையை ஆட்டினேன்.

என் வேலை பேச்சுப் பிரிவில் ஒலிப்பதிவு. தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட வேண்டியவர்கள், ஆபரேஷனுக்கு முன் என்னிடம் வருவார்கள். "கதவை மெதுவாகச் சாத்து", "நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள்?" என்பது போல ஆயிரத்து இருநூறு வாக்கியங்களை ஆறு நாளில் வாசிப்பார்கள். அந்தப் பதிவை வைத்து, எழுத்தைத் தட்டினால் அவர்கள் குரலிலேயே பேசும் கருவி ஒன்றைப் பின்னால் செய்து கொடுப்பார்கள். அதற்கு வரிசை நீளம், முறை வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை பதிவுகள் எங்கள் சர்வரில் இருக்கும். தினமும் வாசிப்பு முடிந்ததும் பத்து நிமிஷம் சொந்தப் பேச்சு உண்டு. இயந்திரத்தை ஓடவிட்டு நான் வெளியே போய்விடுவேன். உள்ளே இருப்பவர் யாரிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்ளலாம். அழுவார்கள், திட்டுவார்கள், சிலர் பாடுவார்கள். நான் கேட்கக் கூடாது. நோயாளி கையெழுத்துப் போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தால், அந்த உறவுக்காரர் மட்டும் கேட்கலாம்.

அண்ணனின் மனைவிக்கே அந்த நோய் வந்தது.

அண்ணி வீட்டிலேயே துணி தைப்பவர். வாய் கொஞ்சம் நீளம் என்று அண்ணனே சொல்வார். ஜாக்கெட் அளவு எடுப்பதற்குள் வந்தவளின் குடும்பக் கதை மொத்தத்தையும் கறந்துவிடுவார். தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை கணீரென்று ஆகியிருந்தது. அந்தத் தொண்டையைத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். ஆறு நாளும் அண்ணி வந்து வாசித்தார். வாக்கியங்களில் பாதிக்கு என்னோடு சண்டை.

"'ஐயா, தங்கள் வருகைக்கு நன்றி.' இதை நான் என் ஆயுசுல யார்கிட்ட சொல்லப்போறேன்? 'கடன்காரி, ஊசிய எங்க வெச்ச'ன்னு ஒரு வரி போடக் கூடாதா?"

சொந்தப் பேச்சு பத்து நிமிஷத்தையும் ஆறு நாளும் முழுசாகப் பேசினார். கதவுக் கண்ணாடி வழியே உதடு அசைவது தெரியும், சிரிப்பது தெரியும், ஒருநாள் முகத்தைத் துடைப்பதும் தெரிந்தது. படிவத்தில் யார் கேட்கலாம் என்ற இடத்தில் "கணவர்" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உயிர் மிஞ்சியது, பேச்சு போயிற்று. வீட்டில் எல்லாம் தாளிலும் பேனாவிலும்தான்.

அப்போதே நான் அண்ணனிடம் சொன்னேன். "அண்ணே, அண்ணி பதிவ ஒரு பென் டிரைவ்ல போட்டுத் தரேன். வீட்ல வெச்சுக்கங்க. வந்து இங்கேயாவது உக்காந்து கேளுங்க."

அவருக்குச் சுருக்கென்றது. "நோயாளி பதிவு வெளிய போகக் கூடாதுன்னு போர்டு எழுதி மாட்டினவனே நான்தாம்மா. எனக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா? அது பத்திரமாத்தான் இருக்கு. தினம் பாக்கறேன்ல?"

"இங்கேயே கேக்கலாமில்ல? அதுக்குச் சட்டம் இருக்கே."

"கேக்கலாம், கேக்கலாம்" என்று நோட்டைப் புரட்டினார். பயம் என்று எனக்குப் புரிந்தது. கேட்டால் உடைந்துபோவார். அதனால் நான் மேலே வற்புறுத்தவில்லை. இன்றைக்கு நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் நீளும் வாய், அன்றைக்குப் பார்த்தா மூடிக்கொள்ள வேண்டும்?

ஆனால் காலையில் பட்டியல் ஓடும்போது, அண்ணியின் நோயாளி எண் வரும் இடத்தில் அவர் திரையை நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். ஆறு நாள் வாசிப்பு, அதன் கீழே சொந்தப் பேச்சு ஒன்று முதல் ஆறு வரை. ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்துப் போவார். பிறகு டிக், பிறகு டீ. மனுஷனுக்கு அதுவே போதும் போலிருந்தது.

பதிவு முடிந்து ஆறு மாதம் கழித்து, சர்வரில் இடம் போதவில்லை என்று வெளியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். பெரிய ஃபைல்களை எல்லாம் புது டிஸ்குக்கு மாற்றினார். யாருடைய வேலையும் தடைபடக் கூடாதே என்று, பழைய இடத்தில் ஒவ்வொரு ஃபைலுக்கும் பதிலாக அதே பெயரில் ஒரு லிங்க் வைத்துவிட்டுப் போனார். லிங்க் என்றால் வேறொன்றுமில்லை, பூட்டின வீட்டுக் கதவில் "சாவி பக்கத்து வீட்டில்" என்று ஒட்டிவைக்கும் சீட்டு. "எல்லா ஃபைலும் வழக்கமான இடத்திலேயே தெரியும்" என்று மெயிலும் அனுப்பினார். தெரிந்தது, பொய்யில்லை. பதிவைத் திறந்தால் எனக்கும் ஒலித்தது.

ஆனால் பேக்கப், பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சாவியை வாங்கவில்லை. கதவில் இருந்த சீட்டை மட்டும் மடித்து மூட்டையில் போட்டுக்கொண்டது. அந்தப் புது டிஸ்கைப் பேக்கப்பில் சேர்க்கச் சொல்லி யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் செய்வார் என்று இன்ஜினியர் நினைத்தார், அண்ணனுக்கோ எதுவும் மாறியதாகவே தெரியவில்லை. பெயர்கள் எல்லாம் இருந்தன. எண்ணிக்கை அச்சுப் பிசகாமல் இருந்தது. டிக் விழுந்தது.

மூட்டைகள் தொண்ணூறு நாள்தான் இருக்கும், பிறகு இடத்துக்காக அழித்துவிட வேண்டும் என்பது விதி. அண்ணியின் பேச்சு நிஜமாகவே இருந்த பழைய மூட்டைகளை அண்ணன் தன் கையாலேயே ஒவ்வொன்றாக அழித்தார். ஒவ்வொரு தடவையும் புது மூட்டையின் பட்டியலைச் சரிபார்த்துவிட்டுத்தான் அழித்தார். இதைவிட ஒழுங்காக ஒருத்தர் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள முடியாது.

பதினான்காவது மாதம் அண்ணியின் முறை வந்தது. கருவி செய்பவர்கள் பதிவைக் கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். அதே வாரம் புது டிஸ்க் நின்றுபோனது. அறையே பதறியது, அண்ணன் மட்டும் பதறவில்லை. "எதுக்கு இப்படிக் குதிக்கறீங்க? நேத்து வரைக்கும் மூட்டை இருக்கு" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். மதியம் இரண்டு மணி, ஜன்னல் வழியே வெயில் திரையில் அடிக்க, அவர் ஒரு கையால் மறைத்துக்கொண்டே தட்டினார். இருபத்திரண்டு வருஷ உழைப்புக்கு மரியாதை கிடைக்கப்போகும் நேரம் அது. முகத்தில் லேசாகச் சிரிப்புகூட இருந்தது.

முதலில் அண்ணியின் ஃபைலைத்தான் எடுத்தார். வந்தது. திறக்கப் பார்த்தார், திறக்கவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் வந்தது, திறக்கவில்லை. வேறொரு நாள் மூட்டை, வேறொரு மாத மூட்டை. எல்லாவற்றிலும் பெயர் இருந்தது.

கடைசியில், தான் வெட்டிவைத்திருந்த ஏற்பாட்டை விலக்கிவிட்டு முழுப் பட்டியலைப் போட்டார். நீள வரிகள் ஓடின. ஒவ்வொரு பதிவின் வரித் தொடக்கத்திலும், லிங்க் என்பதற்கான ஒற்றை எழுத்து. அளவு என்ற இடத்தில் பூஜ்யம். பெயருக்குப் பின்னால் ஓர் அம்புக்குறி, செத்துப்போன டிஸ்கின் விலாசத்தைக் காட்டிக்கொண்டு. எட்டு மாதமாகத் தினமும் காலையில் அந்தப் பட்டியல் அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறது. அவர்தான் அதைக் கேட்காதபடி வெட்டிவைத்திருந்தார்.

"இதெல்லாம் முதல்லேர்ந்தே வந்துட்டுத்தான் இருந்துதாம்மா?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டார்.

அவர் முதுகைப் பார்க்கவே எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த இன்ஜினியர்மேல், அந்த போர்டுமேல், இவர்மேல், என்மேல். முந்நூற்றுப் பதினோரு பேரின் குரல் அதில் இருந்தது. அவர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை.

டிஸ்கைக் கழற்றி, செத்த டிஸ்குகளை மீட்பவர்களிடம் அனுப்பினார்கள். மூன்று வாரம் அண்ணன் அண்ணியிடம் எதுவும் சொல்லவில்லை. சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பாராம், அப்படியே எழுந்துவிடுவாராம். ஒன்றும் மீட்க முடியாது என்று பதில் வந்த அன்று, "கூட வாம்மா, தனியா சொல்ற தெம்பு எனக்கில்ல" என்றார். போனேன்.

அண்ணி எங்களைக் கண்டதும் மெஷினை நிறுத்திவிட்டு எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அண்ணன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒரு வார்த்தைகூடக் குறைக்கவில்லை, பழியை யார்மேலும் தள்ளவில்லை. அண்ணி முழுசாகக் கேட்டார். பிறகு தாளை எடுத்து, "போனா போகுது. வேற யார் குரலாவது வெச்சுக்கலாம். உயிரா போச்சு?" என்று எழுதி அவர் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதானா என்று எனக்கு மூச்சு வந்தது.

அண்ணி தாளைத் திரும்ப இழுத்தார். கீழே எழுதினார்: "நான் தனியா பேசின ஆறும் கேட்டீங்கதானே?"

அண்ணன் "தினமும் பாத்தேன்" என்றார். "ஒருநாள் விடாம பாத்தேன்மா."

அண்ணி அவரையே பார்த்தார். "ஒரு தடவைகூடவா?" என்று எழுதினார். பதினான்கு மாதமாக, தன் புருஷன் அதையெல்லாம் கேட்டிருக்கிறார், கேட்டும் கூச்சத்தில் எதுவும் சொல்லாமல் இருக்கிறார் என்று அந்த மனுஷி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அது அவர் முகத்தில் எனக்குத் தெரிந்தது. அங்கே உட்கார்ந்திருக்கவே என்னால் முடியவில்லை.

"என்ன பேசினன்னு எழுதிக் காட்டேன்" என்றார் அண்ணன். "எல்லாம் வேணாம். ஞாபகம் இருக்கறத எழுது. நான் படிச்சுக்கறேன்."

அண்ணி புதுத் தாள் ஒன்றை எடுத்தார். தொடங்கினார். ஒரே ஒரு சொல் எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா மறுபடி தாளில் இறங்கவே இல்லை. மூடியைப் போட்டு ஓரமாக வைத்தார்.

அண்ணன் தாளைத் தன் பக்கம் திருப்பினார். "ஏங்க" என்று இருந்தது. அதை வாய்விட்டுப் படித்தார். அவருடைய கரகரத்த குரலில் அது வந்தது. அண்ணி சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.