கேம் சென்சாருக்கு வைத்த குங்குமம்

அண்ணாமலையானை நம்பிப் பிழைக்கும் அத்தனை பேருக்கும் மெக்கானிக் தனபாலின் கும்பிடு. சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். எனக்குத்தான் இதைச் சொல்லும்போது சிரிப்பு பாதியில் நின்று முகம் சூடாகிவிடுகிறது.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி என் ஷெட். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கார்புரேட்டர் வண்டிகள் குறைந்து, கம்ப்யூட்டர் வைத்த பெட்ரோல் வண்டிகள் ஊருக்குள் வர ஆரம்பித்த சமயம். கீழ்பென்னாத்தூர் ஏழுமலையிடம் அப்படி ஒரு வேன் இருந்தது. ஏழுமலையின் மனைவி காமாட்சிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வேலூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டால்தான் உயிர். முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். பஸ்ஸில் நின்றுகொண்டு போக அவளால் முடியாது. அந்த வேன்தான் அவளுக்கு எல்லாம்.

கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் முன்பு ஏழுமலை வேனைக் கொண்டுவந்தான். முன்பக்கம் கடகடவென்று சத்தம். டைமிங் செயின் தேய்ந்து தொங்கியிருந்தது.

"தீபம் முடிஞ்சு பாக்கலாமாண்ணா? தீபத்தன்னிக்குக் காலையில காமாட்சிக்கு முறை. மொத நாளே போய் அங்க தங்கிடணும்."

"வழியில செயின் அறுந்தா பொண்டாட்டியைத் தோள்ல தூக்கினு போவியா? நாளைக்கு மத்தியானம் வண்டி ரெடி. ஓடலன்னா என் மீசையை எடுத்துக்க" என்றேன்.

என் மீசை அப்போது ஊரறிந்த மீசை. அதைப் பணயம் வைத்தால் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள்.

செயின் மாற்ற வேண்டுமானால் அந்த வண்டியில் கேம் சென்சாரையும் கழற்ற வேண்டும். உள்ளே கேம் தண்டு எந்த நிலையில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சமாச்சாரம் அது. உருண்டையாக இருக்கும், இடமும் வலமும் திருப்பி வைத்து இறுக்கலாம். கொஞ்சம் தப்பித் திரும்பினாலும் தீப்பொறி நேரம் கெட்டு விழும், வண்டி எழுந்திருக்காது. அதனால் கழற்றும் முன்பு சென்சார் மேலிருக்கும் கோட்டுக்கு நேராக எஞ்சின் மேல் ஒரு புள்ளி வைத்துக்கொள்வேன். என் வீட்டுக்காரியின் சிவப்பு நெயில் பாலிஷில், அன்றும் அப்படித்தான். அது காய்ந்தால் எண்ணெய்க்கும் அசையாது.

புதுச் செயினை நன்றாகவே போட்டேன். அதில் குறையில்லை. செயின் மூடியை மாட்டி முடித்தேன். பெரிய வேலை முடிந்தால் எஞ்சினுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவது எங்கள் ஷெட்டில் வழக்கம். சாமிக்குக் காட்டாமல் சாவி போட மாட்டேன். வைத்தேன். மூடிக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று, சென்சார் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று. சாப்பிடப் போனேன். வந்து சென்சாரை இறக்கினேன். சிவப்புப் புள்ளிக்கு நேராகக் கோட்டைத் திருப்பினேன், இறுக்கினேன், சாவியைப் போட்டேன்.

கிர்ர்ர். கிர்ர்ர். அப்புறம் ஏர் ஃபில்டர் வழியாக ஒரு 'டப்'.

அந்த 'டப்' எனக்குள்ளேதான் வெடித்தது. செயினைத் தப்பாகப் போட்டுவிட்டேன், வால்வு மடிந்துவிட்டது, எஞ்சின் போச்சு என்று ஒரே நொடியில் முடிவு கட்டினேன். அடுத்தவன் எஞ்சின் என்றால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்வேன். நானோ போல்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். பேட்டரியைக் கும்பிட்டேன். டயரை ஒரு உதை விட்டேன். டயர் என்ன பாவம் செய்தது?

அந்த நேரம் பார்த்து ஏழுமலையும் காமாட்சியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பையும் தண்ணீர் பாட்டிலுமாக நேரே வேலூருக்குக் கிளம்ப வந்திருந்தார்கள். காமாட்சியின் கணுக்கால் அப்போதே வீங்கியிருந்தது. பழைய கார் சீட்டில் உட்காரவைத்தேன்.

"இன்னாண்ணா, முகமெல்லாம் கிரீஸா இருக்குது? வண்டி ரெடியா?" என்று கேட்டாள்.

"ரெடிதான் தங்கச்சி. ஒரு சின்ன பார்ட்ஸ். வாங்கிட்டு வந்துடறேன்."

பொய். எந்தப் பார்ட்ஸும் வேண்டியிருக்கவில்லை. ரோட்டில் இறங்கினேன், செல்போனை அணைத்தேன், கிரிவலக் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டேன். மீசை வைத்த ஆம்பளை, மூச்சு வாங்கும் ஒரு பெண்ணை உட்காரவைத்துவிட்டு ஓடினேன்.

கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திய இடம் யமலிங்கம். எட்டு லிங்கம் இருக்கிற ஊரில் நான் ஒளிந்துகொள்ள அந்த லிங்கம்தான் கிடைத்தது. தூணுக்குப் பின்னால் நின்று வேண்டினேன். என்ன வேண்டினேன் தெரியுமா? "அப்பா, வண்டி தானா ஸ்டார்ட் ஆயிடணும். இல்லன்னா மழை கொட்டணும். அதுவும் இல்லன்னா போலீஸ் இப்பவே ரோட்டை அடைச்சிடணும்." தீபத்துக்காக மாலையில் ரோட்டை அடைப்பார்கள். முன்கூட்டி அடைத்துவிட்டால் பழி போலீஸ் மேல் போகும், என் மீசை தப்பும். அவ்வளவுதான் என் பக்தி.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. யமன் பெயரில் இருக்கும் லிங்கத்துக்கு முன்னால் நின்று, ஒரு நோயாளியின் வழியை அடைக்கச் சொல்லி வேண்டியிருக்கிறேன். காமாட்சியின் வீங்கிய கால் கண்ணுக்குள் வந்தது. வெட்கம் என்றால் அதுதான் வெட்கம். தலையை நிமிர்த்த முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பா, முன்னாடி கேட்டதையெல்லாம் கணக்குல எடுத்துக்காத. என் மானம் போனா போவட்டும். அந்தப் பொண்ணு வேலூர் போய்ச் சேரணும். அது போதும்."

இதைச் சொன்னபோது அழுதேன். கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்ததில் எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

நிமிர்ந்தேன். எதிரே குருக்கள் ஈரத்துணியால் நந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் இருந்த பழைய குங்குமம் போயே போய்விட்டது. தட்டிலிருந்து எடுத்துப் புதிதாக ஒரு பொட்டு வைத்தார். சிவப்பாக. பளிச்சென்று.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூடிக்கு அடியில் பழைய கேஸ்கட் ஒட்டியிருந்ததைச் சுரண்டுவதற்கு எஞ்சின் முகத்தைப் பெயிண்ட் தின்னர் போட்டுத் துடைத்திருந்தேன். நெயில் பாலிஷ் எண்ணெய்க்கு அசையாது, தின்னருக்குக் கரைந்துவிடும். நான் வைத்த அடையாளம் காலையிலேயே போய்விட்டது. நான் சென்சாரை நேர்படுத்தியது என் கையாலே வைத்த குங்குமப் பொட்டுக்கு!

செயின் சரி. வால்வு சரி. பொட்டுதான் தப்பு.

ஓடினேன். கிரிவலக் கூட்டம் மேற்கே போக, நான் கிழக்கே.

"யோவ், இன்னாய்யா எதிர்ல வர்ற? மலையை ரிவர்ஸ்ல சுத்தறியா?" என்று ஒருத்தர் கத்தினார். கும்பிட்டுக்கொண்டே ஓடினேன்.

ஷெட்டில் ஏழுமலை முறைத்தபடி நின்றான். காமாட்சி சீட்டில் சாய்ந்திருந்தாள். இருவரிடமும் நடந்ததை அப்படியே சொன்னேன். பொட்டு என்றதும் காமாட்சி இருமும் வரை சிரித்தாள்.

"ஏண்ணா, எனக்கு ஊசி போடறவங்களும் பொட்டைப் பாத்து நரம்பு தேடுனா நான் இன்னா ஆவறது?"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "வண்டி ஓடலன்னா ஓடலன்னு சொல்லு. நாங்க வேற வழி பாத்திருப்போம். ஃபோனை ஏண்ணா நிறுத்துன? மூணு தடவ போட்டேன்."

ஏழுமலை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். செல்போனை மறுபடி ஆன் செய்தேன். ஸ்பேனரை எடுத்தேன்.

அடையாளம் இல்லாத வண்டியில் சென்சாரை வைக்க வேண்டுமென்றால் முதல் சிலிண்டரைக் காற்று அழுத்தும் உச்சியில் நிறுத்த வேண்டும். முன்னால் இருக்கும் புல்லியில் ஒரு கோடு உண்டு. ஆனால் அந்தக் கோடு இரண்டு முறை உச்சிக்கு வரும்; ஒன்றுதான் நிஜம், அதில்தான் காற்று தள்ளும். முதல் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் விரலை வைத்தேன். ஏழுமலை புல்லியைச் சுற்றினான். குனிய முடியாத நிலையிலும் காமாட்சி எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"கோடு வந்துடுச்சுண்ணா!"

விரலில் ஒன்றும் இல்லை. "இது இல்லம்மா. இன்னொரு சுத்து சுத்து, ஏழுமலை."

சுற்றினான். இந்த முறை காற்று என் விரலைத் தள்ளியது. பிடித்து அழுத்தினாலும் தள்ளியது. இத்தனை வருடத்தில் எத்தனையோ எஞ்சினில் அந்தக் காற்றைத் தொட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் யாரோ உள்ளேயிருந்து 'இருக்கேன்டா' என்று சொன்ன மாதிரி இருந்தது.

"கோடு வந்துடுச்சு!" என்றாள் காமாட்சி.

சென்சார் மூடியைத் திறந்து, உள்ளே சுற்றும் தகட்டின் பல்லுக்கு நேராகக் கோடு வரும்வரை திருப்பினேன். இறுக்கினேன். ஒயரைச் செருகி, பிளக்கை மாட்டினேன். கற்பூரம் காட்டவில்லை. ஏழுமலை சாவியைத் திருப்பினான்.

முதல் தொடுதலிலேயே பிடித்துக்கொண்டது. கடகடப்பும் இல்லை.

ரோட்டுக்கு வந்தால், போலீஸ்காரர் தடுப்புக் கட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். என் முதல் வேண்டுதல் கண்ணெதிரே பலித்துக்கொண்டிருந்தது! வேனுக்கு முன்னால் ஓடி, "சார், அடைக்காதீங்க சார், டயாலிசிஸ் பேஷண்ட்டு சார்" என்று அலறினேன். காமாட்சி ஊசி போடும் இடத்தில் கட்டுப்போட்ட கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். அவர் கட்டையைப் பின்னால் தள்ளினார். வேன் போனது. நான் நடுரோட்டில் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மாலை, மலையில் தீபம் ஏறி ஊரே அரோகரா போட்டுக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. அணைக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

"முடிஞ்சுதுண்ணா. மூச்சு நல்லா வருது. தீபம் ஏத்திட்டாங்களா?"

"ஏத்திட்டாங்க தங்கச்சி."

"சரி. மத்தியானம்னு சொன்ன வண்டி சாயங்காலம்தானே ஓடுச்சு? மீசையை எடு."

எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் வளர்க்கவில்லை. கண்ணாடியில் அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் யமலிங்கத்தின் தூண் ஞாபகம் வரும். இப்போது வண்டி ஓடவில்லையென்றால் முதல் வார்த்தையே அதுதான்: "ஓடல." செல்போனை அணைப்பதில்லை. கற்பூரமும் பொட்டும் எஞ்சின் ஓடிய பிறகுதான். பொட்டும் சந்தனத்தில்தான், குங்குமம் இல்லை. அந்த வேன் அதற்குப் பிறகும் எத்தனையோ முறை வேலூர் போய் வந்தது.

உங்களுக்கும் ஒரு நாள் எல்லாம் கைவிட்டுப் போகும். ஒளிந்துகொள்ளத் தோன்றும். ஒளியுங்கள், பரவாயில்லை, அவன் மலை பக்கத்திலேயே ஒளியுங்கள். நான் தப்புத் தப்பாகக் கேட்டும், என்னை விரட்டாமல் உட்காரவைத்து, எனக்குப் புரிகிற பாஷையில், ஒரு பொட்டைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தவன் அவன். உங்களுக்கும் சொல்வான். கேட்டதும் எழுந்து ஓடுங்கள். ரிவர்ஸில் ஓடினாலும் ஒன்றும் சொல்ல மாட்டான்.