ஜல்லியை விழுங்கிய பாதை

வேலை ஆரம்பித்த மறுநாளே மூன்று செங்கல் காணாமல் போனது. திருட்டு இல்லை. முந்தின நாள் மாலை மட்டக்கோல் வைத்துப் பதித்துவிட்டுப் போன அதே இடத்தில்தான் கல் இருந்தது. ஆனால் ஒரு சாண் கீழே இருந்தது. மற்ற கற்களெல்லாம் நூல் பிடித்த மாதிரி நிற்க, நடுவில் அந்த மூன்று மட்டும் யாரோ உள்ளேயிருந்து இழுத்த மாதிரி இறங்கியிருந்தது.

என் பெயர் கலியபெருமாள். புதுச்சேரியில் வீட்டுத் தோட்டங்களுக்குப் பாத்தி கட்டி, பாதை போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. இப்போது முட்டி ஒத்துழைக்காமல் லாஸ்பேட்டையில் வீட்டோடு கிடக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் போன் செய்து, “அண்ணே, காய்கறித் தோட்டத்துப் பாதைக்கு எந்த மெட்டீரியல் பெஸ்ட்டு?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

1. முதலில் மெட்டீரியல்

எல்லா இடத்துக்கும் பொருந்துகிற மெட்டீரியல் என்று ஒன்று கிடையாது. இருக்கிறது என்று எவனாவது சொன்னால் அவன் அதை விற்கிறான் என்று அர்த்தம்.

செங்கல் காலுக்கு இதம். ஆனால் நம் ஊர் ஐப்பசி மழையில் பாசி பிடித்துவிடும், வழுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடும். ஜல்லி தண்ணீரை நன்றாக இறக்கும், ஆனால் களை பிடுங்கும்போது பாத்திக்குள் ஜல்லி பொறுக்க வேண்டிவரும். மரத்தூள் பார்க்க அழகு. ஒரே மாதத்தில் கரையான் குடித்தனம் வந்துவிடும். நெல் உமி காற்றில் பறக்கும். கடப்பா கல் கெட்டி, ஆனால் வெயிலில் வெறுங்காலோடு மிதித்தால் தோசைக்கல்தான். தேங்காய் மட்டையைக் கவிழ்த்து அடுக்கி மேலே செம்மண் போட்டு இடித்தால் மூன்று வருஷம் தாங்கும். எனக்குப் பிடித்தது அதுதான்.

இவ்வளவும் தெரிந்த ஆள்தான் நான். இவ்வளவும் தெரிந்துதான் அந்த வீட்டில் முட்டாள் ஆனேன்.

2. அலே

வீடு உழவர்கரையில். சுற்றிலும் காலனி வீடுகள் வந்துவிட்ட பிறகும் பின்பக்கம் பெரிய தோட்டத்தோடு தப்பி நின்ற பழைய வீடு. வீட்டுக்காரர் லூயி ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மரியாதைக்கு முசியே என்று கூப்பிடுவோம். எண்பது தாண்டியவர். ஓய்வு பெற்று வந்து அந்த வீட்டை வாங்கி, பின்பக்கம் கத்தரி, வெண்டை, புடலை என்று தானே கொத்திக் கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

ஒரு சொல் மட்டும் மிச்சம். அலே.

மகள் தெரேஸ் பிரான்சில் டீச்சர். அப்பா வீடு வாங்குவதற்கு முன்பே அங்கே போய்விட்டவர். அம்மா இறந்த பிறகு அப்பாவுக்கும் முடியவில்லை என்றதும், நீண்ட லீவு போட்டு வந்திருந்தார். அவர்தான் எனக்குப் போன் செய்தார்.

“மேஸ்திரி, அப்பா தெனம் பின்வாசல்ல உக்காந்துக்கிட்டு தோட்டத்தப் பாத்து அலே, அலேன்னு கத்துறாரு. எங்க வீட்ல தோட்டத்து நடைபாதைய அலேன்னுதான் சொல்லுவோம். ‘அலேயில செருப்பு விடாதே’ன்னு அம்மா திட்டிக்கிட்டே இருப்பாங்க. மழையில பாதையெல்லாம் சேறாப் போச்சில்ல, அதத்தான் சொல்றாரு. நல்லாப் போட்டுக் குடுத்துடுங்க.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “அவரு கேட்டது இது ஒண்ணுதான். நான் திரும்பிப் போறதுக்குள்ள செஞ்சு குடுத்துடணும்.”

போய்ப் பார்த்தேன். பின்வாசலில் சக்கர நாற்காலியில் முசியே. மெலிந்த உடம்பு, வெள்ளைப் பனியன். என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கி, “அலே!” என்றார். நான் கும்பிட்டு, “போட்டுடலாம் முசியே, கவலைப்படாதீங்க” என்றேன். அவர் இன்னும் பலமாக, “அலே! அலே!” என்றார். ஆர்வம் என்று நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு தடம் இருந்தது. பல வருஷம் ஒரே மனிதர் நடந்து உண்டான ஒற்றையடித் தடம். நேராக வந்து, கத்தரிப் பாத்தி தாண்டியதும் காரணமே இல்லாமல் இடது பக்கம் வளைந்து, ஒரு வெற்றிடத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி நேராகப் போனது. வெற்றிடத்தில் செடி எதுவும் இல்லை, புல் மட்டும்தான். நல்ல மண்ணை வீணாக்கியிருக்கிறாரே என்று பட்டது.

“மதாம், இந்த வளைவு எதுக்கு? நேரா இழுத்துட்டா தள்ளுவண்டி போவும்” என்றேன்.

“உங்களுக்குத் தெரியாததா மேஸ்திரி” என்றார் தெரேஸ்.

நூல் கட்டி நேராக இழுத்துவிட்டேன். வழக்கமாகப் பெரிய வேலை என்றால் கடப்பாரையால் முழத்துக்கு முழம் குத்தி அடிமண் பார்ப்பேன். இது வெறும் நடைபாதைதானே என்று விட்டுவிட்டேன்.

3. எலுமிச்சம்பழம்

முதலில் செங்கல் பதித்தோம். மூன்று கல் இறங்கியதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். அந்தக் கல்லெல்லாம் வெற்றிடத்துக்கு நேர் நடுவில் இருந்தது.

“பெருச்சாளி வளை” என்றேன். ஒரு மண்வெட்டி மணல் போட்டு மறுபடி பதித்தேன். மறுநாள் ஐந்து கல் இறங்கியிருந்தது.

என்னோடு அப்போது வேலை செய்தது வில்லியனூர் பக்கத்து அஞ்சலை. அரைநாள் மண் சுமந்தாலும் முகம் சுளிக்காதவள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கால் வைத்தாள். உடனே எடுத்தாள்.

“மேஸ்திரி, இங்க மட்டும் சில்லுன்னு இருக்குது.”

நானும் வைத்துப் பார்த்தேன். உச்சி வெயில். மற்ற இடமெல்லாம் உள்ளங்கால் சுடுகிறது. அந்த இரண்டு முழ இடம் மட்டும் ஈரத்துணி மாதிரி குளிர்ந்து கிடந்தது. நானும் காலை வெடுக்கென்று எடுத்தேன். ஆனால் மேஸ்திரியாயிற்றே, பயப்படலாமா? “மழத்தண்ணி தேங்கியிருக்கும்” என்றேன்.

செங்கல் வேண்டாம், ஜல்லி போடலாம் என்று முடிவு செய்தேன். ஜல்லி என்றால் தண்ணீர் இறங்கிவிடும், பள்ளம் விழுந்தாலும் நிரவிக்கொள்ளலாம். இரண்டு நாளில் பாதை முழுக்கப் பரப்பினோம். நாங்கள் வேலை செய்கிற நேரமெல்லாம் முசியே பின்வாசலில் உட்கார்ந்து அலே, அலே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தொண்டை கட்டிப்போய், கடைசியில் காற்று மட்டும்தான் வந்தது. நாங்கள் பாதையின் மற்ற முனையில் இருந்தால் பேசாமல் இருப்பார். அந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்தால் ஆரம்பிப்பார். அது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மாமரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தோம். காற்று இல்லை. தோட்டத்தில் யாரும் இல்லை. அப்போது பாதையில் சரக் என்று ஜல்லி நகர்ந்தது. யாரோ ஒரு அடி எடுத்து வைத்த மாதிரி. அஞ்சலை வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது. கொஞ்சம் கழித்து, எங்கேயோ ரொம்ப ஆழத்தில், டுப் என்று ஒரு சத்தம். மறுபடி சரக். மறுபடி டுப்.

“யாரோ கீழ குந்திக்கினு ஒவ்வொண்ணாப் பொறுக்குறாப்ல இருக்குது மேஸ்திரி” என்று கிசுகிசுத்தாள் அஞ்சலை.

போய்ப் பார்த்தால் இரண்டு கூடை ஜல்லி கொள்கிற அளவுக்குக் குழி. கொட்டி நிரப்பினேன். மறுநாள் மறுபடி குழி. அந்த வாரம் முழுக்க நாங்கள் கொட்டினோம், அது விழுங்கியது.

அஞ்சலை ஒரு எலுமிச்சம்பழத்தில் குங்குமம் தடவிக் கொண்டுவந்து அந்த இடத்தின் நடுவில் வைத்துக் கற்பூரம் ஏற்றினாள். நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் மனசுக்குள் கும்பிட்டேன். மறுநாள் காலை கற்பூரம் எரிந்த கறை இருந்தது. பழம் இல்லை. வேலியோரம், பாத்தி எல்லாம் தேடினோம். இல்லை.

“நான் இனிமே அங்க மிதிக்க மாட்டேன்” என்றாள் அஞ்சலை.

4. கடப்பா கல்

அன்று தெரேஸ் அழுதார். “அப்பா சாப்பிட மாட்டேங்குறாரு மேஸ்திரி. பாதையப் பாத்துக்கிட்டே இருக்காரு. செங்கல் பிடிக்கல, ஜல்லி பிடிக்கல. வேற என்னதான் கேக்குறாரு?”

எனக்கும் ரோஷம். இவ்வளவு வருஷத் தொழிலில் இரண்டு முழ இடம் என்னை ஜெயிப்பதா? அகலக் கடப்பா கல்லை மேலே போட்டு மூடிவிட்டால் பெருச்சாளியோ பேயோ எதுவும் அசைக்க முடியாது என்று சொன்னேன். மூன்று பேர் தூக்குகிற கல். ஆள் வைத்து, கனத்துக்குக் கனம் என்று இரண்டு வரிசை போட்டேன். கல் அசையவில்லை. எனக்கு நிம்மதி.

மறுநாள் மூன்று மணி இருக்கும். தெரேஸ் கத்தரிக்காய் பறிக்கக் கூடையோடு பாதையில் இறங்கினார். நான் எதிர்முனையில் பாதை ஓரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தேன். பின்வாசலில் இருந்து முசியே கத்தினார். அதுவரை கேட்காத குரல்.

“அலே! அலே! அலே!”

நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தை இல்லை, கையைப் பார்த்தேன். அந்த இடது கை பாதையைக் காட்டவில்லை. உள்ளங்கையை வெளியே திருப்பி, தள்ளு தள்ளு என்று தள்ளியது. கோழியை விரட்டுகிற கை.

அந்தக் கையையும் அந்தச் சொல்லையும் எனக்குத் தெரியும். சின்ன வயசில் சொல்தா வீட்டு மதில் ஏறி மாங்காய் பறிக்கும்போது உள்ளேயிருந்து “அலே! அலே!” என்று சத்தம் வரும். போ, ஓடு என்று அர்த்தம். எத்தனை தடவை அந்தச் சொல்லுக்கு நான் விழுந்தடித்து ஓடியிருக்கிறேன்! பாதை போடுகிறவன் ஆன பிறகு அதே சொல் எனக்குப் பாதை என்று மட்டும்தான் கேட்டிருக்கிறது.

“மதாம், நில்லுங்க! கால வைக்காதீங்க!”

அவர் ஒரு காலை வைத்துவிட்டார். கல் சத்தமில்லாமல், கதவு திறக்கிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. நான் ஓடிய ஓட்டத்தில் அவர் முந்தானை கையில் சிக்கியது, பிறகு கை சிக்கியது. இரண்டு பேரும் கத்தரிப் பாத்தியில் விழுந்தோம். எங்களுக்குப் பின்னால் கல், ஜல்லி, செங்கல், மண் எல்லாம் உள்ளே போயிற்று. விழுந்த சத்தம் கேட்க ஒரு மூச்சு நேரம் ஆனது.

தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தேன். உறை இறக்காத பழைய கிணறு. மேலே பனைமரத் துண்டுகளை அடுக்கி, தகரம் போட்டு, முசியே மண்ணால் மூடியிருக்கிறார். பனை உளுத்துப்போய்விட்டது. குழாய்த் தண்ணீர் வந்த காலத்தில் மூடியிருக்க வேண்டும். அதைத் தூர்க்காமல் விட்டதும், அதைச் சுற்றியே இத்தனை வருஷம் நடந்ததும் அவருக்கு மட்டும்தான் தெரியும். மதாம் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கீழே கறுப்புத் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. அதன் மேல் மஞ்சளாக அஞ்சலையின் எலுமிச்சம்பழம் மிதந்தது.

“அலேன்னா போன்னும் அர்த்தம்” என்றார் தெரேஸ். “நான் பிள்ளைங்களுக்கு அந்தப் பாஷைய சொல்லிக் குடுக்குறவ, மேஸ்திரி.”

5. கடைசியில் போட்டது

கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, மேலே இரும்புக் கிராதி போட்டோம். பாதையைப் பழைய தடத்திலேயே வளைத்துக் கொண்டுபோனேன். தேங்காய் மட்டை, மேலே செம்மண். இந்தத் தடவை முழத்துக்கு முழம் கடப்பாரை குத்திவிட்டுத்தான் வேலை ஆரம்பித்தேன். அஞ்சலை வெறுங்காலோடு நடந்து பார்த்து, “எல்லா எடமும் சுடுது, சரியாக்கீது” என்றாள்.

கல் சாய்ந்த அந்த மத்தியானத்துக்குப் பிறகு முசியே பேசவில்லை. முதலில் அதிர்ச்சி என்றார்கள். டாக்டரால் காரணம் சொல்ல முடியவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், மகள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சொல் மட்டும் வரவில்லை. தெரேஸ் பக்கத்தில் உட்கார்ந்து, “அலே, பப்பா? அலே?” என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொல்லிப் பார்ப்பார். அவர் மகள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“ஒத்த வார்த்தைதான் வச்சிருந்தாரு. அதையும் எனக்கே குடுத்துட்டாரு” என்றார் தெரேஸ் ஒருநாள். அந்த வருஷம் அவர் திரும்பிப் போகவில்லை. லீவை நீட்டிக்கொண்டு, அப்பா கண் மூடுகிற வரைக்கும் கூடவே இருந்தார்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மெட்டீரியலைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள். அந்த மண்ணில் உங்களுக்கு முன்னால் யார் நடந்தார்கள், எங்கே கால் வைக்காமல் விட்டார்கள் என்று முதலில் பாருங்கள். வீட்டுக்காரர் பேசும்போது அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். அவரிடம் ஒரே சொல்தான் இருக்கிறது என்றால் இன்னும் கவனமாகக் கேளுங்கள்.

இரண்டு வாரம் ஒரு மனிதர் எங்கள் உயிருக்காகத் தொண்டை கிழியக் கத்தினார். நாங்கள் அவருக்கு எதிரிலேயே நின்றுகொண்டு, அவருக்கு எந்தக் கல் பிடிக்கும் என்று பேசிக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.