பார்வதி பிடித்து நடந்த சுவர்

போன வாரம் இரத்தினபுரியிலிருந்து ஒரு போன். வாடகை வீட்டுக்கார நோனா, சிங்களப் பெண்மணி. குரலில் நல்ல கோபம்.

"உங்க பெயின்ட் பாஸ் என்னை ஏமாத்திட்டார்" என்றார் சிங்களத்தில். வேலை தெரிந்த கைவினைஞரை இங்கே பாஸ் என்றுதான் சொல்வோம். அறைச் சுவரில் அடித்த பெயின்டையும் மீறி ஒரு கறை எழும்பி வந்திருக்கிறதாம். வேறொரு பாஸைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அவரோ, "எண்ணெய்க் கறைக்கு முதல்ல கறையை அடைக்கிற சீலர் அடிக்கணும். இது தெரியாத பாஸ் இருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டாராம்.

இதை ஏன் என்னிடம் சொல்கிறார்? வாடகை ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். நம் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள். வாசிக்கத்தான் பலருக்கு வராது. அதனால் வாடகை ஒப்பந்தம், பேங்க் கடிதம் என்று எது வந்தாலும் என் வாசலுக்கு வந்துவிடும். சம்பளமில்லாத உத்தியோகம்!

அந்த பெயின்ட் பாஸ், சிவலிங்கம். பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் வீடு. கொழும்பு வரை போய் வேலை செய்பவர். மனைவி பார்வதிக்குச் சிறுநீரகம் பழுதாகி, அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. தோட்டத்து ரோட்டில் பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போய் வர அவளுக்கு உடம்பில் தெம்பில்லை. அவளுடைய காதுத் தோட்டை அடகு வைத்து அட்வான்ஸ் கட்டி, இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு எடுத்தார் சிவலிங்கம். ஒரு வருட ஒப்பந்தம்.

பாதி வருடம்கூட ஆகவில்லை. பார்வதி போய்விட்டாள்.

காரியம் முடிந்த கையோடு ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வந்தார். "சேர், நான் என்னென்ன கட்டணும்னு வாசிச்சு சொல்லுங்க."

வாசித்தேன். இடையில் விட்டுப் போனால் இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழிப்பார்கள். லைட் பில், தண்ணீர் பில் நம் கணக்கு. வீட்டை எடுத்த மாதிரியே திருப்பித் தர வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் செலவும் கழியும். இடையில் ஏன் போகிறீர்கள் என்று மட்டும் எந்த ஒப்பந்தமும் கேட்பதில்லை...

நோனா கெட்டவர் இல்லை. அந்த வாடகையை நம்பித்தான் அவருடைய மருந்துச் செலவும் ஓடுகிறது.

போய்ப் பார்த்தோம். எல்லாம் சரி — ஒரு சுவரைத் தவிர. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை, நெஞ்சு உயரத்தில், நீளமாக ஒரு கறை. கை கால் இழுத்துப் பிடிக்கிறது என்று பார்வதி சொல்லும்போதெல்லாம் சிவலிங்கம் எண்ணெய் தேய்த்துவிடுவார். அந்தக் கையால் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் அவள் நடந்திருக்கிறாள். சில இடங்களில் விரல்கள்கூடத் தெரிந்தன.

"பெயின்ட் அடிச்சுத் தாங்க. இல்லன்னா அந்தச் செலவையும் கழிக்கணும்" என்றார் நோனா.

கழித்தால் தோட்டை மீட்க முடியாது. அந்தத் தோடு மகளுக்கு என்று பார்வதி சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"நீங்களே பெயின்ட் பாஸ். அரை நாள் வேலை. அடிச்சுக் குடுத்துருங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

"ஊர்ச் சுவரெல்லாம் அடிக்கிறேன் சேர். இதுக்கு மட்டும் கை வர மாட்டேங்குது."

ஆனாலும் மறுநாள் அடித்துவிட்டார். மிச்ச அட்வான்ஸ் கைக்கு வந்தது. தோட்டை மீட்டார். மகள் அதைக் காதில் போட்டுக்கொண்டு அழுதாள். சரி, விஷயம் ஒரு வழியாக முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கே முடிந்தது? போன வாரம் நோனா போனை வைத்ததும் சிவலிங்கத்துக்குப் போன் போட்டேன்.

"சிவலிங்கம், அந்தச் சுவருக்கு சீலர் அடிக்கலையா?"

அவர் வாய் திறக்குமுன் நானே கேட்டேன்.

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல சேர். டின்னத் தொறந்து பக்கத்துலதான் வச்சிருந்தேன். அத அடிச்சா ஒரேயடியா போயிரும்ல..."

அவரே கேட்டார். "எந்த ஒசரத்துல தெரியுதாம் சேர்?"

"நெஞ்சு உயரத்துல."

"அவ கைதான். நோனாவுக்கு நட்டம் வேணாம் சேர். கூலிய நான் குடுத்துர்றேன், வேற பாஸ வச்சு அடிக்கட்டும். அதுக்கு முன்னாடி ஒருக்கா வந்து பாத்துட்டுப் போகலாமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

வாடகை வீட்டை விடும்போது எதைக் கட்ட வேண்டும், எதைத் திருப்பிக் கேட்கலாம் என்று எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். இந்த மனிதருக்கு எதை விளக்குவது?

நோனாவைக் கூப்பிட்டு, அது யாருடைய கை என்றும், சிவலிங்கம் ஒருமுறை வந்து பார்க்கக் கேட்பதையும் சொன்னேன்.

"அனே, பாவம்..." என்றவர், "ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்க. வேற பாஸை நான் பிறகு கூப்பிட்டுக்கிறேன்" என்றார்.

போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது — கூலிக் காசைப் பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை.